பால் நேரம்

மார்பில் ஏதோ நனைந்ததுபோல் இருந்தது. ஜீவராணி குனிந்து பார்த்தாள். சட்டையின் இடப்பக்கத்தில் பொட்டளவு ஈரம். மகள் யசோ சிந்திய ஜூஸாக இருக்கும் என்று விரலால் தொட்டு முகர்ந்தாள். பால். அடக் கடவுளே, பால் மறக்கடித்து ஐந்து மாதமாயிற்றே! வேப்பெண்ணெய் தடவி, பிள்ளையும் தானுமாக மூன்று நாள் அழுது தீர்த்து, ஒருவழியாக வற்றிப்போன பால் அது.

கணவன் துஷாந்திடம் சொன்னால் கேலி செய்வான். மனுசன் இன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்த முகமாக இருக்கிறான், அதைக் கெடுப்பானேன்? பௌர்ணமிப் போயா விடுமுறைக்குப் பதுளையிலிருந்து வேன் பிடித்து, மலைமேல் புதிதாகத் திறந்த இந்த ஹோட்டலுக்கு வந்திருந்தார்கள். பகல் சாப்பாடு, நீச்சல் தடாகம், பின்னேரம் தேத்தண்ணி, பிறகு வீடு. தடாகத்தின் ஆழமில்லாத மூலையில் இரண்டு வயது யசோவை நிறுத்தி, அவனும் பிள்ளையோடு பிள்ளையாகத் தண்ணீரை அடித்துக்கொண்டிருந்தான்.

"ராணி, பாரு ஒம்மவள! மீன்குஞ்சு மாதிரி!"

யசோ கைகொட்டிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக ஜீவராணி எதையும் கொடுப்பாள். கல்யாணமாகி ஆறு வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை.

இந்த ஹோட்டலும் ஒரு காலத்தில் தேயிலைத் தோட்டமாக இருந்ததுதான். துரை பங்களா சாப்பாட்டு மண்டபமாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குச் சுண்ணாம்பு பூசி, பூச்சட்டி வைத்து, காட்டேஜ் என்று பெயர் மாட்டியிருந்தார்கள். நமுனுகுல லயத்தில் பிறந்தவளுக்கு இந்தப் பூச்செல்லாம் ஒரு பூச்சா? மேலே, கற்படிகளின் முடிவில், தகரக் கூரையோடு நீளமாக ஒரு கட்டடம் மட்டும் பெயின்ட் காணாமல் நின்றது. பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைப்பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுப்போகிற இடம். அவளும் அப்படி ஒன்றில் வளர்ந்தவள்தான்.

மூன்று மணிக்குப் பனி இறங்கியது. மலையில் இது புதிதில்லை. ஆனால் இந்தப் பனி மேலிருந்து வராமல், அந்தக் கட்டடத்தின் பக்கமிருந்து படிப்படியாக இறங்கி வந்து, பூச்சட்டிகளை, நாற்காலிகளை, தடாகத்தின் ஓரத்தை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. மண்ணெண்ணெயும் ஈரக் கம்பளியும் காய்ச்சிய பாலும் கலந்த ஒரு வாடை மூக்கில் ஏறியது. கூடவே ஒரு பிள்ளையின் அழுகை.

தேத்தண்ணி கொண்டுவந்த பையன் ஜஸீலிடம் கேட்டாள். "தம்பி, மேல யாரு புள்ள அழுவுது?"

"மேலயா? அது பூட்டித்தான் மேடம் கிடக்கு. பழைய மெத்தையெல்லாம் போட்டிருக்கு." அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். "எனக்கு ஒண்டும் கேக்கல்லயே."

அவன் போனான். தடாகத்தில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

"ஏங்க?" என்றாள். பதில் இல்லை. "யசோ! யசோக் குட்டி!" அதற்கும் இல்லை. இரண்டு மார்பும் கனத்து வலித்தன, சட்டை நனைந்து வயிற்றில் ஒட்டியது. பிள்ளை படியேறிப் போய்விட்டதோ? பெற்ற வயிறு சும்மா இருக்குமா? செருப்பைக்கூடத் தேடாமல் ஓடினாள்.

பாசி பிடித்த படிகள். வழுக்கின. சேறு கணுக்கால்வரை ஏறியது. கட்டடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. அழுகை யசோவின் குரல் இல்லை. அதைவிடச் சின்னக் குரல். அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே, ஐயோ பாவம், எவ்வளவு பசி இதுக்கு, என்றும் இருந்தது.

பால் கொடுக்க மலையிலிருந்து ஓடிவருகிற தாய்மார், காலில் சேறும் அட்டையுமாக, பிள்ளைக்காம்பராவுக்குள் போகமாட்டார்கள். கதவுக்கு முதுகைக் காட்டி வாசற்படியில் உட்கார்ந்து கையை நீட்டுவார்கள். ஆயா பின்னாலிருந்து பிள்ளையை மடியில் வைப்பாள். தன் பிள்ளை தூங்கினால், அழுகிற எந்தப் பிள்ளையையும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். "பசிச்ச புள்ளைக்கு ஆத்தா யாருன்னு கேக்கக்கூடாதுடி" என்பாள் அவளுடைய அம்மா.

ஜீவராணி யோசித்து உட்காரவில்லை. கால்கள் தாமாக மடங்கின. கைகள் நீண்டன.

துணியில் சுற்றிய ஒன்றைப் பின்னாலிருந்து யாரோ மடியில் வைத்தார்கள்.

கனமாக இருந்தது. ஈரமாக இருந்தது. வாய் வைத்தது. ஆற்றுக் கல்லைப்போல் குளிர்ந்த வாய். பால் இறங்க இறங்க வலி குறைந்தது. சுகமாகக்கூட இருந்தது. அந்தச் சுகம்தான் அவளைப் பயமுறுத்தியது. துணியை விலக்கிப் பார்க்க நினைத்தாள். கை எழவில்லை. எழுந்திருக்க நினைத்தாள். இடுப்பு அசையவில்லை.

"ராணி!"

துஷாந்தின் குரல். பனியைக் கிழித்துக்கொண்டு படியேறி வந்தான். தோளில் துவாயில் சுற்றிய யசோ. ஜீவராணிக்கு அழுகை பொங்கியது. பிள்ளை பத்திரம். பிள்ளை பத்திரம், அது போதும்.

"இங்க என்னா பண்ற? எவ்வளவு நேரமாத் தேடுறேன்" என்றான்.

அவன் கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, கதவைப் பார்த்துப் பேசினான்.

"இந்தா, புடி இவள. குளிர்ல நடுங்குறா."

வேணாங்க. வேணாம். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மடியிலிருந்தது இன்னும் ஆழமாக இழுத்தது.

யசோ குனிந்து அவளைப் பார்த்தாள். அவள் மட்டும் பார்த்தாள். "அம்மா" என்று வீறிட்டு, கீழே அவளை நோக்கி இரண்டு கையையும் நீட்டினாள்.

"அம்மாகிட்டதானே குடுக்குறேன், ஏன் அழுவுற?" என்று துஷாந்த் சிரித்தான்.

ஜீவராணியின் தலைக்கு மேலாக இரண்டு கைகள் வந்து பிள்ளையை வாங்கின. "குடுங்க" என்றது பின்னாலிருந்து அவளுடைய குரல்.

அவளுடைய சட்டையை உடுத்த ஒருத்தி அவளைத் தாண்டிப் படியிறங்கினாள். பக்கத்தில் துஷாந்த். அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே யசோவின் முகம், திறந்த வாய், நீட்டிய கைகள். பனி மூடும்வரை பிள்ளை அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

மடியிலிருந்தது பசியாறி வாயை எடுத்தது. யாரோ அதை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே அடுத்த பிள்ளை அழத் தொடங்கியது.

ஜீவராணியின் கைகள் நீண்டன.