திட்டில் வைத்த கால்

மிதவையிலிருந்து இறங்கி நிமிர்ந்ததும் முபீனாவை முதலில் உறுத்தியது நாரைகள்தான். திட்டைச் சுற்றி நின்ற கருவேல மரங்களில் கிளை தெரியாத அளவுக்கு அவை உட்கார்ந்திருந்தன. அத்தனையும் தண்ணீரைப் பார்த்தபடி, திட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. காற்று வரும் பக்கம் பார்த்துத்தான் பறவைகள் உட்காரும் என்பது அவளுக்குத் தெரியும். இங்கே காற்றே இல்லை.

அதை யோசிக்க விடாமல் இடுப்பிலிருந்து வலது குதிகால் வரை வலி சுண்டி இழுத்தது. கல்யாண மண்டபங்களில் கேமராவைச் சுமந்து சுமந்தே தேய்ந்துபோன முதுகு. அடுத்த வாரம் ஆபரேஷன். வலி இருக்கிறவரை பயமில்லை, வலி நின்று கால் மரத்துப்போனால் உடனே ஓடி வந்துவிட வேண்டும், தாமதித்தால் அந்தக் கால் திரும்பாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து கணவன் மின்ஹாஜ் அவளைத் தெருமுனைக்குக்கூட விடவில்லை. ஆனால் கண்மாய்களைப் பற்றி அவள் தயாரிக்கும் புத்தகத்துக்கு இந்தத் திட்டின் படங்கள் மட்டுமே பாக்கி. அழகர்கோவில் மலை பின்னால் நீலமாகத் தெரிய, நடுத்தண்ணீரில் ஆளில்லாத ஒரு தீவு. இந்தக் கண்மாய் இனி எந்த வருடம் இப்படி நிறையுமோ, யார் கண்டது? சிம்மக்கல்லில் அக்கா வீட்டுக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு, இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பிடித்தால் விடமாட்டாள் என்று வீட்டில் பேரெடுத்தவள்.

கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருக்கும் காசிமாயன்தான் தன் தெர்மாகோல் மிதவையில் ஏற்றிக்கொண்டு வந்தார். மரங்களுக்கு நடுவே, முழங்காலுக்குக் கீழ் மட்டும் சுட்ட மண்ணில் செய்த கால்கள், பாசி பிடித்து, ஒழுங்கில்லாமல் நின்றிருந்தன. இதெல்லாம் என்னவென்று அவரிடம் கேட்டாள்.

"கால் வலின்னா மண்ணுல கால் செஞ்சு இங்கன கொண்டாந்து வப்பாக, தங்கச்சி. வலி அதுக்குப் போயிரும். வச்சதும் கிளம்பிருவாக. யாரும் நின்டு பாக்கிறதில்ல."

"அப்பறம் அந்தக் காலெல்லாம் என்னாகும்ணே?"

அவர் கம்பை ஊன்றி மிதவையைத் தள்ளினார். "சிலது இருக்கும். சிலது இருக்காது."

அந்தப் பக்கம் வலையை இழுத்துவிட்டு இருட்டுவதற்குள் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார்.

நாரை எச்சத்தின் காரநெடியும் அழுகிய பாசியின் வாடையும் மாலை வெயிலில் கொதித்துக் கிடந்தன. முபீனா வலியைப் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டு கேமரா ஸ்டாண்டை நட்டாள். மலை இருந்தது, தண்ணீர் இருந்தது, முன்னால்தான் ஒன்றுமில்லாமல் படம் வெறிச்சென்று இருந்தது. ஒரு மண் கால் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. கல்யாண வீட்டில் குத்துவிளக்கையும் தாம்பாளத்தையும் தன் வசதிக்கு நகர்த்தி வைத்துப் படமெடுத்த பழக்கதோஷம். யோசிக்காமல் குனிந்து அதைத் தூக்கினாள். முதுகு பிய்ந்துவிடும்போல் வலித்தது. குடைவான அந்த மண் காலின் உள்ளே, யாரோ இப்போதுதான் கழற்றிய செருப்பின் வெதுவெதுப்பு இருந்தது. வெளிச்சம் விழும் இடத்தில், விரல்கள் தண்ணீரைப் பார்க்கும்படி நிறுத்தி வைத்தாள்.

முதல் படம் எடுத்துவிட்டு நிமிர்ந்தபோது வலி இல்லை.

சந்தோஷத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள், குப்புறப் படுத்தாள், நீரோரச் சேற்றுக்கும் மேட்டுக்குமாக அலைந்து, மலை சிவந்து கறுக்கும்வரை எடுத்துத் தள்ளினாள். லென்ஸை மாற்றக் குனிந்தபோதுதான் வலது காலில் செருப்பு இல்லாததைப் பார்த்தாள். சேறு எப்போதோ அதை உருவிக்கொண்டுவிட்டது. பாதத்தின் அடியில் ஒரு கருவேல முள் முழுசாக இறங்கியிருந்தது. இரத்தம் வழிந்து மண் அப்பிக் காய்ந்தும் போயிருந்தது.

அவளுக்குத் தெரியவே இல்லை.

முள்ளைப் பிடுங்கினாள். ஒன்றுமில்லை. கெண்டைக்காலை நகம் பதியக் கிள்ளினாள். வேறு யாருடைய சதையையோ கிள்ளுவதுபோல் இருந்தது. டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. காசிமாயன் அண்ணே என்று கத்தினாள். தூரத்தில், எங்கோ இருட்டுக்குள், வாரேன் என்று ஒரு குரல் கேட்டது.

எழுந்து ஓர் அடி வைத்தாள். கால் வரவில்லை. மேட்டில் மடிந்து விழுந்தாள். விழுந்த வேகத்தில் கை பட்டு ஸ்டாண்டு சாய்ந்து, முன்னால் நின்ற மண் காலின்மேல் மோதியது.

வலியில் உயிர் போனது. கெண்டைக்காலில்.

அவள் கால் அவளுக்குக் கீழே மடங்கிக் கிடந்தது. அதன்மேல் எதுவும் விழவில்லை. மண் காலில்தான் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.

அதை எடுத்துவிட வேண்டும். மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். எப்படியாவது கரைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கையை ஊன்றித் தவழ்ந்தாள். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம்.

விரல்கள்.

கணுக்காலைச் சுற்றி ஐந்து விரல்கள் படிந்தன. குளிர்ந்து, ஈரமாக. அவள் தன் காலைப் பார்த்தாள். அதை யாரும் தொடவில்லை. மண் கால் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

அது தரையில் இல்லை.

மரங்களுக்கு நடுவே, யாரோ ஒருவரின் இடுப்பு உயரத்தில், படுக்கைவாட்டில், மெல்ல ஆடியபடி போய்க்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு போகும் ஆள் தெரியவில்லை. பிடியை மட்டும் உணர முடிந்தது, கணுக்காலில், இறுக்கமாக.

தண்ணீர் விலகும் சத்தம்.

அவள் உட்கார்ந்திருந்த மண் காய்ந்திருந்தது. ஆனால் பாதத்தில் தண்ணீர் ஏறியது. கணுக்கால். முழங்கால். அடியில் சேறு. அந்தச் சேற்றில் எதுவோ அசைந்து அவளுக்கு இடம் விட்டது.

"வந்துட்டேன் தங்கச்சி" என்றார் காசிமாயன், திட்டின் மறுபக்கக் கரையிலிருந்து.

மெதுவாக, பதம் பார்ப்பதுபோல, அவள் பெருவிரலில் பற்கள் பதிந்தன.