பத்து நிமிடச் சோதனை

2009 ஜூன் மாதம், ஒரு மதிய நேரத்தில் கடலூர் முதுநகரில் என் நண்பன் ஆண்ட்ரூ வீட்டுக் கேட்டைத் திறந்தேன். அவன் இறந்து இருபத்தாறு நாள் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு நான் போகவில்லை. அழுகையும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

“வாப்பா ராஜவேலு,” என்றார் அவன் அம்மா சவரிமேரி. “முப்பதாம் நாள் பூசைக்குக் கார்டு அடிக்கணும். அவன் போட்டோ எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர்லதான் கெடக்குது. ஸ்டூடியோக்காரரு காப்பி பண்ணிப் பாத்தாரு, மூஞ்சியே வரல.”

திறந்து காட்டினார். நெற்றி வரைக்கும் ஆண்ட்ரூ இருந்தான். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

காரணம் எனக்குத் தெரியும். சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன் நான். வேகம் போதவில்லை என்று ஆண்ட்ரூ கேட்டதால், 667 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய ரேமை, அதாவது மெமரிப் பட்டைகளை, 800க்கு ஏற்றிக் கொடுத்தேன். அப்படி ஏற்றினால், தவறு வருகிறதா என்று ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்குக் கரண்ட் கட்டுக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. அந்தப் பத்து நிமிடம் மட்டும் ஓட்டிவிட்டு, “ராஜா மாதிரி ஓடும் மச்சான்” என்று கிளம்பிவிட்டேன். தொழில் தெரிந்தவன் என்ற திமிர்.

ரேம் தப்பும் தவறுமாக வேலை செய்ததில் அவனுடைய புராஜெக்ட் ஃபைல் கெட்டது. அதைக் கொடுக்க வேண்டிய நாள் காலையில் என்னைத் தேடி பைக்கில் கிளம்பியவன், புதுச்சத்திரத்தில் லாரியில் அடிபட்டான். ரேம் விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்து, இரண்டு ரேமையும் கழற்றினேன். பென்சில் ரப்பரால் பின்களைத் தேய்த்துப் போடுவது எங்கள் வழக்கம். மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் கேபினட்டுக்குள் விசிறி சுற்றும் சத்தம் கேட்டது.

சுவிட்சை நான் தொடவில்லை.

ரேம் இல்லாத கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்தும். ஓடாது.

அது ஓடியது.

திரையில் மெமரி டெஸ்ட். வேகம் 800. தவறு பூஜ்யம்.

மூடிய அறைக்குள் டீசல் வாசனை வந்தது. எழுந்து ஓடியிருக்க வேண்டும். உட்கார்ந்தே இருந்தேன். பயமும் வரவில்லை.

பத்து நிமிடம் ஆனது. டெஸ்ட் நிற்கவில்லை.

சவரிமேரி அம்மா டீ கொண்டுவந்தார். அப்போதுதான் வாய் திறந்தேன்.

“அம்மா, நான் சரியா டெஸ்ட் பண்ணாம குடுத்துட்டேன். அதனாலதான் ஃபைல் போச்சு. என்னைத் தேடித்தான் அவன் வந்தான்.”

அவர் டம்ளரை மேசையில் வைத்தார்.

“தெரியும்பா.”

“யாரு சொன்னாங்க?”

“அவன்தான்.”

“எப்ப?”

“இன்னிக்குக் காலையில. கோவமெல்லாம் இல்லியாம். இந்தத் தடவை முழுசா ஓட்டிப் பாக்கச் சொன்னான். முழுசா ஓட்டுனாத்தான் மூஞ்சி வருமாம். அதுவரைக்கும் கூடவே உக்காந்திருக்கேன்னான்.”

இன்னொரு நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

என் மடியில் இருந்த இரண்டு ரேமும் சுடத் தொடங்கின.