சறுக்குப்பலகைக்காரன்

திரை விளையாட்டில் விழுந்த சறுக்குப்பலகைக்காரன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். வழக்கமாக எப்படிக் குப்புற விழுந்தாலும், கண் இமைப்பதற்குள் சட்டையில் தூசிகூட இல்லாமல் சரிவின் உச்சியில் பலகையோடு வந்து நிற்கிற பயல் அவன். இன்று சிமெண்டுத் தரையில் கையை ஊன்றி, மெதுவாக, வலிக்கிறவன் போல எழுந்தான்.

ரத்னவேலுக்கு அது பிடித்துக்கூட இருந்தது. பரவாயில்லையே, நிஜம் மாதிரி செய்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி தலையணையை உயர்த்திச் சாய்ந்துகொண்டான். சனிக்கிழமைப் பிற்பகல். சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில் மழை கட்டிக்கொண்டு நின்றதில் ஒன்பதாம் மாடி அறை அந்தி போல இருண்டிருந்தது. மனைவி உமாமகேஸ்வரி தேக்காவில் புடவைக் கடை வேலைக்குப் போயிருந்தாள். மகள் வர்ஷா, ஆறு வயது, ஹாலில் தரையில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். காற்றுக்காக மரக்கதவைத் திறந்துவைத்து இரும்புக் கேட்டை மட்டும் பூட்டியிருந்தான். இங்கே பாதி வீடுகளில் அப்படித்தான்.

கையிலிருந்த அந்தச் சின்ன விளையாட்டுக் கருவியைப் போன வாரம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினான். விளையாட்டும் அதிலேயே இருந்தது. "நாப்பது வயசுல சறுக்கு விளையாட்டு. இடுப்பு பத்திரம் லா," என்று உமா சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். எஸ்கலேட்டரில்கூடக் கைப்பிடியை விடாதவன் அவன்; திரையிலாவது பறந்துவிட்டுப் போகிறான்.

பழைய சொந்தக்காரர் யாரோ தானே வரைந்த மைதானம் ஒன்று அதில் அழியாமல் இருந்தது. அடுக்குமாடியின் கீழ்த்தளம்: தூண்கள், கல் மேசை, தபால் பெட்டிகள், சக்கர நாற்காலிக்கான சரிவு. எங்கேயோ பார்த்த இடமாக முதல் நாளே தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும்? பிடோக்கிலிருந்து மார்சிலிங் வரை எல்லா அடுக்குமாடி புளோக்கும் ஒரே அச்சுதானே என்று அதை அத்தோடு விட்டுவிட்டான்.

விழுந்து எழுந்தவன் பலகையில் ஏறினான். இதுவரை வெறும் சுவராக நின்ற லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே போனான். மறுபடி திறந்தபோது ஒரு நீண்ட காரிடார், பூந்தொட்டிகள், சுவரில் சாய்த்த சைக்கிள், ஈரத் துணிகள். சக்கரங்கள் ஓடுகளின் இணைப்பைத் தாண்டும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம் வந்தது. மழை வாசனைக்கு நடுவே, அடைத்துவைத்த லிஃப்டின் புழுக்க நெடி எங்கிருந்தோ அறைக்குள் புகுந்தது. ரத்னவேல் ஒலியைக் குறைத்தான். டக் டக். முழுவதுமாக அணைத்தான்.

டக் டக்.

சத்தம் கருவியிலிருந்து வரவில்லை. வெளியே காரிடாரிலிருந்து வந்தது.

திரையில் ஒரு வீட்டு வாசல் தெரிந்தது. ஷூ அலமாரி. அதன்மேல் வர்ஷாவின் மஞ்சள் குடை. காலையில் அவனே வைத்த குடை.

வாசலுக்கு நேரே குழந்தை தனியாக உட்கார்ந்திருக்கிறாள். கட்டைவிரலால் குமிழைப் பின்னால் இழுத்தான். சறுக்குப்பலகைக்காரன் லிஃப்ட் பக்கம் திரும்பிப் போனான். விரலைத் தளர்த்தினால் உடனே வாசலை நோக்கித் திரும்பினான். மறுபடி இழுத்தான். இழுத்துப் பிடித்தபடியே எழுந்தான்.

"வர்ஷா, உள்ள வாம்மா."

"இருங்கப்பா. கலர் முடியல."

கேட் குலுங்கியது.

திரையைப் பார்த்தான். சறுக்குப்பலகைக்காரன் தூரத்தில், லிஃப்ட் அருகில்தான் நின்றான். அப்பாடா. அப்படியென்றால் பக்கத்து வீட்டு அஸ்மத். கொடுத்தனுப்பிய குழம்புக் கிண்ணத்தைத் திருப்பித் தர இந்த நேரத்துக்குத்தான் வருவார், கேட்டை இப்படித்தான் குலுக்குவார். வாசலில் நிற்பவரை வாவென்று சொல்லாமல் நிறுத்திப் பழக்கமில்லாத குடும்பம். முகத்தைப் பார்க்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது.

"வாங்க, வாங்க. உள்ள வாங்க."

குலுங்கல் நின்றது.

விரல் அழுத்தியபடியேதான் இருந்தது. ஆனால் லிஃப்ட் அருகே பலகை மட்டும் கிடந்தது. அவன் இல்லை. காட்சி தானாக நகர்ந்து வாசலுக்கு வந்தது. அலமாரி. குடை. கீழே ஒரு ஜோடிக் காலணி. ஈரமாக. ஒழுங்காகக் கழற்றி வைத்திருந்தது.

திரை அணைந்தது.

ஓடினான். கேட் பூட்டியிருந்தது. வாசலில் அஸ்மத் இல்லை. யாருமே இல்லை. வண்ணப் பென்சில்கள் சிதறிக் கிடந்தன. வர்ஷா இல்லை.

"வர்ஷா."

சமையலறையிலிருந்து வந்தாள். இரண்டு கையாலும் தண்ணீர் டம்ளரைப் பிடித்திருந்தாள்.

"வாங்கன்னு சொல்லிட்டு நீங்க ரூம்லயே இருந்துட்டீங்க. அண்ணனுக்கு தாகமா இருக்காம்."

"எந்த அண்ணன்? இங்க வா. அப்பாகிட்ட வா."

அவன் கால் நகரவில்லை. நகர்த்த முயன்றான். முடியவில்லை.

வர்ஷா காலி சோபாவின் முன்னால் போய் நின்றாள். டம்ளரை நீட்டினாள். கையை விட்டாள்.

டம்ளர் விழவில்லை. அந்தரத்தில் மெதுவாகச் சாய்ந்தது. தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. சோபா மெத்தை அமுங்கியது. வர்ஷாவின் தலைமுடி, யாரோ தடவிக்கொடுப்பது போல, உச்சியிலிருந்து மெல்லப் படிந்தது. அவள் அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.