வாசல் வரை வந்த நிவாரணி

அமெரிக்காவின் டன்மோர் கவுண்டியில் யாரும் பல் துலக்காமல் காபி குடிப்பதில்லை. கவலையை அளக்காமல் பல் துலக்குவதுமில்லை.

எழுந்ததும் இடது மணிக்கட்டைச் சமையலறைச் சுவரில் பதித்திருக்கும் கண்ணாடி வில்லையின் மேல் வைக்க வேண்டும். தோலுக்கு அடியில் அரிசி மணியளவில் புதைந்திருக்கும் இடர்மானி, இரத்தத்தில் ஊறிய கலக்கச் சுரப்பையும் கலைந்த தூக்கத்தையும் பில்லைப் பார்த்ததும் எகிறிய நாடியையும் கூட்டிக் கழித்து ஓர் எண்ணைச் சொல்லும். அதுதான் அந்த வீட்டின் இடர் எண். ஐம்பதைத் தாண்டினால் வீடு பணமுடையில் இருக்கிறது என்று பொருள். கிடங்கிலிருந்து நிவாரணி இயந்திரம் தன் ஆறு சக்கரங்களில், ஆரஞ்சு விளக்கைச் சுழலவிட்டபடி கிளம்பிவிடும். வழி நெடுகிலும் அந்த வீட்டாரின் இடர்மானியிடமே அப்போதைய எண்ணைக் கேட்டுக்கொண்டே போகும். தேவை தீர்ந்த வீட்டில் பொருளை இறக்கி வீணாக்கக் கூடாதல்லவா?

முன்பெல்லாம் ஏழைகளை வருமானத்தை வைத்து அளந்தார்கள். மானமுள்ளவர்கள் கஷ்டத்தை மறைத்தார்கள். மற்றவர்கள் பணத்தை மறைத்தார்கள். பிறகு வந்த தனியுரிமைச் சட்டம் வங்கிக் கணக்கை எட்டிப் பார்ப்பதைக் குற்றமாக்கியது. வயிற்றுக் கலக்கத்தை எட்டிப் பார்ப்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. உடம்பு பொய் சொல்லாது என்று அறிஞர்கள் ஒருமனதாகச் சொன்னார்கள். இடர்மானி வந்ததும் தேவாலயத்து இலவச உணவு அறைகளை மூடினார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பதும் மெல்ல நின்றுபோனது. அதற்குத்தான் கருவி இருக்கிறதே.

அந்தக் கவுண்டியின் வடகோடியில், சோளக்காட்டுக்கும் காற்றாலைகளுக்கும் நடுவே ஒரு சிறிய வீட்டில் இருந்தவள் கோதை. உடுமலைப் பக்கத்திலிருந்து காற்றாலை வேலைக்காக இங்கே வந்த குடும்பம், மூன்று தலைமுறை ஆகிறது. அவள் கணவன் சேந்தனும் காற்றாலைப் பழுது பார்ப்பவன்தான். வசந்தத்தில் ஒரு நாள் மேலே வேலை செய்துகொண்டிருந்தபோது கொக்கி கழன்று விழுந்தான். பாதி உயரத்தில் இருந்த வலை அவனைத் தாங்கியது, முதுகெலும்பைத் தாங்கவில்லை. அன்றிலிருந்து படுக்கையும் சக்கர நாற்காலியுமாக இருக்கிறான். சம்பளம் நின்றது, சேமிப்பு கரைந்தது. கோதை கோழி வளர்த்தாள், பூசணி போட்டாள், பள்ளிப் பேருந்துகளைக் கழுவிக் கொடுத்தாள். அப்படியும் போதவில்லை. அக்டோபர் பிறந்ததும், பாக்கியைக் கட்டாவிட்டால் பனிக்கு முன்பே வெப்ப இணைப்பைத் துண்டித்துவிடுவோம் என்று வீட்டுக்குச் சூடு தரும் நிறுவனத்திலிருந்து செய்தி வந்தது.

அன்றைக்கும் அவளுடைய இடர் எண் நான்கு.

வலிமருந்து எடுப்பவர்களின் அளவு செல்லாது என்பதால் சேந்தனுடைய எண் கணக்கில் சேராது. வீட்டுக்கு அவள் எண் ஒன்றுதான். அதுவோ கோடையில் ஐந்தாக இருந்து இப்போது நான்காக இறங்கியிருந்தது.

நிலைமை கோதைக்குத் தெரியாமல் இல்லை. குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது, எது எத்தனை நாளைக்கு வரும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் தெரிவது வேறு, கலங்குவது வேறு. காற்றாலையின் அடியில் நின்று அவன் விழுவதை அவள் கண்ணால் பார்த்தவள். போய்விட்டான் என்றே நினைத்தாள். வலையிலிருந்து இறக்கியபோது அவன் கண்ணைத் திறந்து, "கோதை, தண்ணி" என்றான். அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்ததெல்லாம் கொசுறுதான். காலையில் எழுந்து அவன் மூச்சுவிடுவதைப் பார்ப்பாள். அந்த நிமிஷமே உடம்பு முழுக்க ஒரு நிம்மதி பரவும். அதே நிம்மதியோடு போய் வில்லையில் கையை வைப்பாள்.

வேறு வழியில்லாமல் கவுண்டி அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினாள். லொரேன் பிக்ஸ்பி என்ற ஆய்வாளர் கருவிப்பெட்டியுடன் வந்தார். நல்ல மனுஷி. இடர்மானி பழுதாகியிருக்கும் என்றுதான் அவரும் நினைத்தார். தன் மணிக்கட்டில் ஒருமுறை, கோதையின் மணிக்கட்டில் ஒருமுறை சோதித்தார். அவருடைய எண் அறுபத்து மூன்று, கோதைக்கு நான்கு. குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தார். பாதிப் பூசணியும் சில முட்டைகளும் இருந்தன. அதை மூடினார்.

"கருவியில் கோளாறு இல்லை, கோதை," என்றார் கடைசியில். "உங்களிடம்தான். இப்படிச் சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கவலைப்பட முடிகிறதா என்று பாருங்கள்."

தன் விருப்பப்படி ஒரு டப்பா பால்கூட ஒதுக்க அவருக்கு அதிகாரமில்லை. அவ்வளவு தூரம் வந்ததற்குக் கோதை நன்றி சொல்லி, நான்கு முட்டைகளைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து அனுப்பினாள்.

கவலைப்படுவது எப்படி என்று யாரிடம் கேட்பது? கோதைக்கு ஒருவருடைய நினைவுதான் வந்தது. சாலைக்கு எதிர்ப்புறம், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சோளம் வைத்திருந்த வெர்னன் ஹாகன். ஐம்பது வயதிருக்கும். மனைவி விட்டுப் போய் ஆண்டுகள் ஆகின்றன. உழவும் அறுவடையும் இயந்திரங்கள் பார்த்துக்கொள்ள, அவர் உட்கார்ந்து கவலைப்பட்டார். அவருடைய எண் எண்பதுக்குக் கீழே இறங்கியதே கிடையாது. வாரம் இரண்டு முறை நிவாரணி அவர் வாசலில் பெட்டி இறக்கிவிட்டுப் போவதைக் கோதை தன் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

அவள் விஷயத்தைச் சொன்னதும் ஹாகன் சிரிக்கவில்லை. ஒரு கைவினையைப் பற்றி யாரோ மரியாதையாக விசாரித்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் கவலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். பிரேசிலில் சோள விலை, செவ்வாய்க்கிரகக் குடியேற்றத்தில் முளைக்கத் தொடங்கியிருக்கும் கோதுமை, பக்கத்துக் கவுண்டியில் ஒருவன் வாங்கிய புதிய அறுவடை இயந்திரம். இருப்பதைப் பார்க்கக் கூடாது, அடுத்தவனிடம் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய முதல் பாடம். இருப்பது போய்விடும் என்று நினைக்க வேண்டும் என்பது இரண்டாவது. அவருக்குப் பின்னால் களஞ்சியத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளே பிரிக்கப்படாத நிவாரணப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, கேட்கலாம் என்று இவளுக்கும் தோன்றவில்லை. கருவி இருக்கும் ஊரில் அது வழக்கமில்லை.

கோதை சிரத்தையாகப் பயிற்சி எடுத்தாள். டாலஸில் இருக்கும் சித்தி மகளின் மாடி வீட்டை நினைத்துப் பார்த்தாள். நன்றாக இருக்கட்டும் என்று தோன்றியதே தவிர எண் அசையவில்லை. இரண்டாவது பாடம்தான் பலித்தது. வெப்பம் நின்ற வீட்டில், போர்வைக்குள் சேந்தன் முதுகு விறைத்து முனகுவதாக நினைத்தாள். அந்த நினைப்பு கலையும் முன் எழுந்து போனாள். வில்லையில் கையை வைத்தாள். அறுபத்து ஒன்று.

சற்று நேரத்தில் சரளைச் சாலையில் ஆரஞ்சு விளக்கு தெரிந்தது. கோதை ஜன்னலுக்கு ஓடினாள். தங்கள் வீட்டைத் தேடி, இத்தனை தூரம், தங்களுக்காக வருகிறது! "ஏனுங்க, வந்துடுச்சுங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். வெளிக்கதவு வரை வந்த நிவாரணி நின்றது. கொஞ்சம் யோசிப்பதுபோல விளக்கைச் சுழற்றியது. பிறகு அப்படியே திரும்பிப் போய்விட்டது.

சேந்தனுக்குத்தான் காரணம் புரிந்தது. "அதைப் பார்த்ததும் நீ நிம்மதியாயிட்ட. உன் எண் விழுந்துபோச்சு. அடுத்த தடவை கண்ணை மூடிக்க," என்றான்.

மறுநாள் அதையே நினைத்து எண்ணை மறுபடி ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சக்கரச் சத்தம் காதில் விழுந்தது. அதற்கே மனசு நெகிழ்ந்துவிட்டது. மறுபடியும் நிவாரணி வெளிக்கதவிலிருந்து திரும்பியது. சேந்தன் முதலில் உதட்டைக் கடித்து அடக்கினான், பிறகு முடியாமல் முதுகு வலிக்க வலிக்கச் சிரித்தான். விழுந்த பிறகு அவன் அப்படிச் சிரித்தது அதுவே முதல் முறை. கோதையும் சிரித்தாள், கண்ணில் நீர் வர. அன்று அவள் எண் இரண்டாகப் பதிவானது.

கிளம்பிய பெட்டியை நிவாரணி கிடங்குக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. ஐம்பதைத் தாண்டிய அடுத்த வீட்டில் இறக்கிவிட வேண்டும். அடுத்த வீடு ஹாகனுடையது. கோதையின் கதவு வரை போன பெட்டி தன் வாசலுக்கு வந்து இறங்குவதை இரண்டு நாளும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பெட்டிகள் அவருக்குப் புதிதல்ல. ஆனால் இவை யாருக்குக் கிளம்பியவை என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நாள் மாலை அவர் ஒரு பெட்டியைத் தோளிலும் ஒரு சிப்பம் வெப்பக்கட்டிகளைக் கையிலும் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். ஒரு கட்டி ஒரு வீட்டை ஒரு வாரத்துக்குக் கதகதப்பாக வைத்திருக்கும். கதவைத் திறந்த கோதையிடம், "இது உங்கள் வாசல் வரை வந்ததுதானே," என்று மட்டும் சொன்னார்.

"ரொம்ப நன்றிங்க," என்று கோதை தன்னை மறந்து தமிழிலேயே சொல்லிவிட்டாள். சிப்பத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மொழி புரியாவிட்டாலும் அது நன்றி என்று புரிந்து ஹாகன் அங்கேயே நின்றார். அவருக்கு ஒருவர் நன்றி சொல்லி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவருடைய இயந்திரங்கள் சொல்லாது. அவரும் நிவாரணிக்குச் சொன்னதில்லை. சேந்தன் உள்ளேயிருந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொன்னான். அவர் உட்கார்ந்து இரண்டு கோப்பை குடித்தார். போகும்போது, விழுந்ததில் எந்த எலும்பு முறிந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அந்தச் சாலையில் யாரும் யாரையும் அப்படி விசாரித்து வெகுகாலமாயிற்று.

மறுநாள் காலை ஹாகனுடைய எண் நாற்பத்து ஒன்று. அவர் பயந்துபோய் லொரேனை வரவழைத்தார். கருவியில் கோளாறில்லை என்று சோதித்துச் சொன்ன லொரேன், என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். ஹாகன் அன்று இன்னொரு பெட்டியைப் பிரித்தார். பனி விழத் தொடங்கியபோது, அவருடைய களஞ்சியத்திலிருந்து அந்தச் சாலையின் எல்லா வீடுகளுக்கும் வெப்பக்கட்டிகள் போய்ச் சேர்ந்திருந்தன. அதிகக் கவலை இருந்த வீடுகளிலும் எண்கள் இறங்கின. சேந்தன் அந்தக் குளிரை வலி கூடாமல் கழித்தான்.

தலைநகரத்தில் இருந்த நல்வாழ்வு வாரியம் இந்த எண்களைப் பார்த்து அசந்துபோனது. நாட்டிலேயே எங்கும் இல்லாத சரிவு. அறிஞர்கள் உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். நிவாரணம் எங்கே இறங்கியது? சாலையிலேயே பெரிய பணக்காரர் வீட்டில். என்ன ஆனது? சாலை முழுவதும் கவலை குறைந்தது. ஆகவே ஏழைகளின் கஷ்டம் தீர வேண்டுமானால் பணக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். அடுத்த வசந்தத்திலிருந்து எல்லாக் கவுண்டிகளிலும் நிவாரணிகள் பெரிய வீடுகளுக்கு மட்டுமே போயின.

மற்ற இடங்களில் எண்கள் ஏறின. காரணம் கேட்டபோது லொரேன் உள்ளதைச் சொன்னார். ஹாகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார், வாங்கியவர்கள் நன்றி சொன்னார்கள், அவ்வளவுதான் என்றார். வாரியம் அதைக் கவனமாகக் கேட்டது. பெட்டி தூக்கும் பகுதி அளவிடக் கடினமானது என்று விட்டுவிட்டது. நன்றி சொல்லும் பகுதியை உடனே நடைமுறைப்படுத்தியது.

அது கோதைக்கு ஒரு மே மாதக் காலையில் தெரிய வந்தது. சோளமாவு அடை சுட்டு எடுத்துக்கொண்டு ஹாகன் வீட்டுக்குப் போயிருந்தாள். சேந்தன் ஊன்றுகோலோடு நான்கடி நடந்துவிட்ட சந்தோஷத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. ஹாகன் அதைக் கேட்டு முகம் மலர்ந்து நின்றபோது நிவாரணி வந்தது. பெட்டிகளை இறக்கியது. முன்னெப்போதும் இல்லாத இனிமையான பெண் குரலில், "பெற்றுக்கொண்டதற்கு மிக்க நன்றி, திரு. ஹாகன் அவர்களே. உங்களைப் போன்றவர்களால்தான் இந்த ஊர் நன்றாக இருக்கிறது," என்றது.

ஹாகன் திரும்பிக் கோதையைப் பார்த்தார். பிறகு இயந்திரத்தைப் பார்த்தார்.

"எதற்கு?" என்று கேட்டார்.

அது விளக்கைச் சுழற்றிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அவர் ஒரு பெட்டியைத் தோளில் ஏற்றினார். கோதை இன்னொன்றின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை ஒரு கையால் தூக்கினார். இருவரும் சாலையில் முதல் வீட்டை நோக்கி நடந்தார்கள். நிவாரணி எதிர்த்திசையில், அடுத்த பெரிய வீட்டுக்கு நன்றி சொல்லப் போய்க்கொண்டிருந்தது.