கிழக்கில் போடும் நாற்காலி

வடிவம்மாள் தம்பானூர் அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தபோது, துப்பறியும் வன்னியபெருமாள் கால்களை வெந்நீர் வாளியில் விட்டிருந்தார். எதிரிகள் தேடிவரும் வயது போய், மூட்டுவலி மட்டும் தேடிவரும் வயது அவருக்கு.

“மண்டபத்துச் சாவியைப் புடுங்கிட்டாவ அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள சாமான் வரலைன்னா போலீஸாம். நான் களவாணியாம்.”

பதினெட்டு வருடமாக அவள் பெருக்கித் துடைப்பது ரகசியச் சடங்குகள் கொண்ட ஃப்ரீமேசன் சங்கத்தின் பழைய மண்டபம். “பேருதான் கொத்தனார் சங்கம். ஒருத்தருக்கும் கரண்டி பிடிக்கத் தெரியாது” என்றாள். உறுப்பினர்கள் ஒன்பது பேராகக் குறைந்ததும் மண்டபம் வாடகைக்குப் போனது. காலையில் யோகா, பிற்பகலில் தையல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை கல்யாண வரவேற்பு. போன ஞாயிறோடு, கூட்டத்தில் தலைவர் மேசையில் தட்டும் கருங்காலிச் சுத்தியலைக் காணவில்லை.

“தையல் டீச்சரைப் பிடிப்போமா சார்?” உதவியாளர் ஷெமி ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

“முதல்ல என் செருப்பைப் பிடி.”

மண்டபத்தில் செயலாளர் ஐயப்பன் நாயர் காத்திருந்தார். எண்பது வயது. “வெளியாள் வந்தால் சுத்தியலை மறைச்சு வைப்பது எங்கள் வழக்கம், கேட்டோ. எங்கே என்று சொல்ல மாட்டேன். சத்தியம் செய்ததாக்கும். வச்ச இடத்தில் இல்லை.”

ஒரே ஜாடையில் மூன்று நாற்காலிகள், ஒன்றுதான் அகலம் கூடியது என்றாள் வடிவம்மாள். இப்போது கூடத்தில் இரண்டே இருந்தன. வன்னியபெருமாள் கிழக்கு மேடையில் குனிந்தார். பலகையில் நாற்காலிக் கால்கள் அழுந்திய நாலு குழிகள். அங்கே நின்ற நாற்காலியின் கால்களோ குழிகளுக்கு ஒரு சாண் உள்ளே. எழுந்திருக்க ஷெமி கை கொடுக்க வேண்டியிருந்தது.

“ஞாயிற்றுக்கிழமை வரவேற்பில் மாப்பிள்ளை எங்கே உட்கார்ந்தார்?”

“மேற்கால அண்ணாச்சி. கிழக்கே இருந்ததைத் தூக்கிட்டுப் போனாவ. திருப்பி வச்சதும் பந்தல்காரங்கதான்.”

“நாயர் சார், வாயைத் திறக்க வேண்டாம். தப்பென்றால் மட்டும் தலையாட்டுங்கள். தலைவர் நாற்காலியின் இருக்கைக்கு அடியில் வைத்தீர்கள். உங்கள் தலைவர் என்றைக்கும் கிழக்கில்தான். அதனால் கிழக்கில் நின்றதையே திறந்து பார்த்தீர்கள். பந்தல்காரனுக்கு எந்தத் திசையும் ஒன்றுதான்; கைக்குக் கிடைத்த நாற்காலியை இங்கே போட்டுவிட்டான்.”

நாயரின் தலை அசையவில்லை.

மூன்றாவது நாற்காலியைத் தேடி ஷெமி ஓடினாள். தையல் அறையில், ரவிக்கைத் துணிக் குவியலுக்கு அடியில் அகலமான நாற்காலி. இருக்கையைத் தூக்கினால் சுத்தியல்.

நாற்காலியைக் கிழக்கில் போட்டார்கள். கால்கள் குழிகளில் உட்கார்ந்தன. நாயர் சுத்தியலைப் பார்க்கவே இல்லை; வடிவம்மாள் பக்கம் திரும்பினார்.

“வடிவு… இதில் இரி.”

தலைவரைத் தவிர யாரும் உட்காராத இருக்கை அது. வடிவம்மாள் முந்தானையால் அதைத் துடைத்தாள்.

“சாவியைத் தாங்க சார். தையல் பிள்ளைங்க வார நேரம்.”

நாயர் இரண்டு கையாலும் நீட்டினார். காலி நாற்காலியை வன்னியபெருமாளின் மூட்டுகள் மட்டும் ஏக்கத்தோடு பார்த்தன.