சோதனை மூச்சு

திரையில் எல்லா மூச்சு அலைகளும் ஒரே உயரத்தில் இருந்தன. அதுதான் ஜெனாட்டை முதலில் உறுத்தியது.

பிற்பகல் மூன்று மணி. மோர்னிங்சைட் வீட்டின் பேஸ்மென்றில் ட்றையர் உருண்டுகொண்டிருக்க, சூடான துணியின் சவர்க்கார வாசம் மூக்கை அடைக்க, சின்ன யன்னலை மூடிக்கிடந்த பனிக்குள்ளால் கசிந்த மங்கல் வெளிச்சத்தில் அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே, இரவு வேலை முடித்து வந்த அவள் கணவன் துஷாந்த் தூங்குகிறான். தூக்கத்தில் அவனுக்கு மூச்சு நின்றுவிடும். மெத்தைக்கு அடியில், மூச்சையும் எடையையும் அளக்கும் ஒரு சென்சர் பாய். மூச்சு நின்றால், அறைக் கணினியில் அவள் எழுதிய செயலி அலறும். அவள் ஓடிப்போய் உலுக்குவாள். மூன்று வருடமாக அப்படித்தான் அவன் உயிரோடு இருக்கிறான்.

காலையில் செயலியின் புதுப் பதிப்பை, பாயோடு பேசும் நிரல்தொகுப்பான லைப்ரரியையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டி, அந்தக் கணினியில் ஏற்றியிருந்தாள். அலாரம் ஒருதரமும் அடிக்கவில்லை. நல்ல நித்திரை என்று சந்தோசப்பட்டாள், விசரி.

பொதியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தது பாயோடு பேசும் லைப்ரரி அல்ல. பாய் இல்லாமலே செயலியைச் சோதிக்க அவளே எழுதிய போலி. ஒரே மூச்சைத் திரும்பத் திரும்பக் காட்டும் போலி. பதறிய காரியம் சிதறும் என்று தெரிந்தும் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிட்டாள். ஆறு மணித்தியாலம் அவனை யாரும் கவனிக்கவில்லை.

படியடிக்கு ஓடினாள். "என்னப்பா! இஞ்சருங்கோ!"

"ஓம், முழிச்சுத்தான் கிடக்கிறன்," என்றது மேலிருந்து துஷாந்தின் குரல். "என்ன?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒண்டுமில்லை. எழும்பாதேங்கோ. இப்ப சரியாக்கிறன்."

உண்மையான லைப்ரரியை வைத்துக் கட்டினாள். இங்கிருந்தே அறைக் கணினியில் ஏற்றினாள். பாய் இணைந்தது.

படுக்கையில் ஆள்: எழுபத்தொரு கிலோ. மூச்சு: பூச்சியம்.

எடை அவனுடையதுதான். மூச்சை அளக்கும் வயர் கழன்றிருக்கும். மாதாவே, வயராக இருக்கட்டும். மறுபடி ஏற்றினாள். பூச்சியம். பாய் தன்னுள் சேமித்து வைத்திருந்த பதிவு இறங்கியது.

கடைசி மூச்சு: காலை 9.40.

ட்றையர் நின்றது.

படி கிறீச்சிட்டது. ஒன்று. இன்னொன்று.

"ஏன் ஜெனாட் அழுறீர்?"

அவள் திரும்பவில்லை. முடியவில்லை. தோளில் கை விழுந்தது. துஷாந்தின் கை. குளிர்ந்து, விறைத்து.

திரையில் எண் அசையவில்லை. படுக்கையில் ஆள்: எழுபத்தொரு கிலோ.