நுரையீரல் மீன் குடித்த தண்ணீர்

தொல்நீர்க் கலத்தின் குழாயைத் திறந்த கலாமணி, மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். கண்ணாடித் தொட்டிக்குள் தண்ணீர் கருப்பாக, கொழகொழவென்று இறங்கியது. அழுகிய முட்டை நாற்றம்.

கலத்துக்குள் ஒரு புதைபடிவ மீனின் பல்லைப் போட்டால் போதும். அந்த மீன் நீந்திய தண்ணீரின் சூட்டையும் உப்பையும் காற்றளவையும் பல்லிலிருந்து படித்து, அதே தண்ணீரைக் கலக்கி ஊற்றி, இன்றைய ஆறு அதோடு ஒத்துப்போகிறதா என்றும் சொல்லிவிடும். மனிதக் கால் படுமுன் ஆறு எப்படி இருந்ததோ அப்படியே மீட்க வேண்டும் என்பது சட்டம். ஆற்றிலிருந்து தன் தெருக் குழாயில் வரும் சாயப்பட்டறைத் தண்ணீருக்கு இதிலாவது விடிவு வரும் என்றுதான் கலாமணி ஆற்றுப்படுகை முழுக்கத் தோண்டினாள். கிடைத்தது நுரையீரல் மீனின் பல். கோடையில் வற்றி, காட்டு இலைகள் அழுகி, தண்ணீருக்குள் காற்றே இல்லாமல் கிடந்த வெப்பநாட்டு ஆறு அது.

ஆற்று மீட்புக் கழகத் தலைவர் சென்னியப்பன் கைக்குட்டைக்குள் சிரித்தார்.

"அட, நம்ம ஆத்து நாத்தமேதான்! ஆறு மீண்டாச்சுன்னு அறிவிச்சரலாம் அம்மணி."

"சார், இது எல அழுகுன நாத்தம். நம்முளுது சாயங்க. அந்த மீனு சாயத்தக் கண்டதில்ல. அதனால கலம் அதப் பாக்கவே பாக்காது."

"ஒத்துப்போகுதுங்குதா, இல்லியா?"

"ஒத்துப்போகுதுங்குது. ஆனா..."

"என்ன ஆனா? 'ஆறு மீண்டது'ங்கற பச்சைப் பொத்தான அமுக்கு. வேலை வேணுமில்ல?"

கலாமணி மூக்கை இன்னும் இறுகப் பொத்திக்கொண்டாள். அவரைப் பார்த்தா, தொட்டியைப் பார்த்தா என்று தெரியவில்லை.

"அமுக்குனா, கரையோர ஊருல யாருக்கும் வேற தண்ணி வரக் கூடாதுங்க. சட்டத்துல இருக்குது."

"நான் எழுதுன சட்டத்த எனக்கே சொல்றியா? சனங்க நம்பணும்னுதான் அத வெச்சேன். அமுக்கு!"

அமுக்கினாள்.

மறுநாள் காலையில் தலைவரே தொலைபேசியில் அழைத்தார். பேச்சுக்கு முன்னால் ஓங்கரிப்புத்தான் கேட்டது.

"அம்மணி, எங்கூட்டுக் குழாயில கருப்பா வருது! பல்லு வெளக்கி, வாயெல்லாம்... தூ! எங்க தெருவுக்குத் தனியா வர்ற அணைத் தண்ணி என்னாச்சு?"

"நிறுத்திட்டாங்க சார். இனி எல்லாத்துக்கும் ஆத்துத் தண்ணிதான்."

"உடனே சுத்தம் பண்ணச் சொல்லு!"

"மீண்ட ஆத்துல கை வெச்சாக் குத்தமுங்க. அதும் நீங்க எழுதுனதுதான்."

"இந்த நாத்தத்துல மனுசன் எப்படி இருக்கறது?"

கலாமணியின் வாளியிலும் அதே கருப்பு சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அந்த மீனுக்கும் பொறுக்கலீங்க சார். அதான் தலைய வெளிய நீட்டி மூச்சு வாங்குச்சு. அன்னிக்கு வெளிய காத்தாவது நல்லா இருந்துச்சு."